ரெண்டாம் பக்கத்துக்குக் கூட்டி வைத்த கரண்ட்

நாகல் நகரில் அமலி பிரிண்ட்ஸ் வைத்திருக்கும் ராயப்பராஜ் யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் கொக்கித் தராசில் தூக்கிப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டார். பஸ்ஸில் ஏறினால் "இது வத்தலக்குண்டு போகுமா" என்று கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்பார், பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு தடவை கேட்பார், கண்டக்டர் சொன்னது சரிதானா என்று டிரைவரிடமும் போய்க் கேட்டுவிட்டு வருவார். போன வருஷம் பல் டாக்டர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது, அந்தப் பல்லைக் கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்று, சொத்தை நிஜமாகவே இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஒங்க அப்பா உபதேசியாரு. ஊருக்கெல்லாம் விசுவாசத்தச் சொல்லிக் குடுத்தாரு. வீட்டுல இருந்த பிள்ளைக்கு மட்டும் சொல்ல மறந்துட்டாரு போல" என்பார் மனைவி ஆனந்தமேரி. அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. முப்பது வருஷமாகப் பொய் சொல்லும் பிள்ளைகளையே பார்த்துப் பழகியவர். அவருக்கே இந்த மனுஷனின் சந்தேகம் தாங்க முடியாமல் இருந்தது.

ராயப்பராஜ் பிறக்கும்போதே இப்படி இல்லை. இளவயதில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் முதலாளி அவர் தோளில் கை போட்டு, "திங்கக்கெழம சீக்கிரம் வந்துருய்யா, வேலை நெறையக் கெடக்கு" என்று சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. முதலாளி குடும்பத்தோடு ஊரையே காலி செய்திருந்தார். அச்சகம் போனதுகூட ராயப்பராஜுக்குப் பெரிதில்லை. தோளில் கை போட்டானே, அதைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து யாராவது பிரியமாகப் பேசினால் அவர் அரை அடி தள்ளி நின்றுகொள்வார்.

அப்படிப்பட்டவர் இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள் மைதீன் பிச்சை. பேகம்பூர்க்காரர், பிரிண்டர் மெக்கானிக். ராயப்பராஜைவிட ஆறு வயது இளையவர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு முதல் மிஷின் வந்தபோது பழுது பார்க்க வந்தார். வேலை முடிந்து, வத்தலக்குண்டில் அடுத்த வேலைக்குப் போனவர், சாயந்திரம் அடித்து ஊற்றும் மழையில் முழுக்க நனைந்து திரும்பி வந்தார். பையின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ கிடந்ததாம். அது இந்தக் கடை மிஷினுடையதாம். மாட்டிவிட்டு, தலையைத் துவட்டக்கூட நிற்காமல் போய்விட்டார். ராயப்பராஜ் அந்த ஸ்க்ரூவை மறுபடி கழற்றி, நிஜமாகவே அந்த ஓட்டைக்கு உரியதுதானா என்று மாட்டிப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. அத்தோடு மைதீன் பிச்சை மேல் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார். கடைச் சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார். ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அதிரசம் போகும். பிரியாணியை மட்டும் ராயப்பராஜ் கிளறிப் பார்க்காமல் சாப்பிடுவார்.

இந்தக் கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. காகிதம் வைக்கும் இரும்பு அலமாரிக்குள் அறுபது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று எப்போதும் எரியும். ஆப்செட் அச்சகத்தில் ஐப்பசி அடைமழைக்குக் காகிதம் நமுத்துப் போகாமல் இருக்க அப்படி வைப்பார்கள். ராயப்பராஜ் அதைப் பிடித்துக்கொண்டார். அங்கே மழைக்கு மட்டும் எரிந்த பல்பு இங்கே சித்திரை வெயிலிலும் எரிந்தது. திண்டுக்கல்லில் சித்திரையில் வெளியே காயப்போட்ட வேட்டி கால் மணி நேரத்தில் அப்பளமாக நிற்கும். அதற்கு மேல் காகிதத்துக்கு ஒரு பல்பு! மைதீன் பிச்சை ஒரே ஒரு தடவை, "அண்ணே, பல்பு எதுக்கு? இந்த மிசினுக்கு இம்புட்டுக் காஞ்ச பேப்பரு ஆகாது" என்று சொல்லிப் பார்த்தார். "நான் பேப்பரோட முப்பது வருசம் பொழச்சவன். நீ மிசினப் பாரு" என்று ராயப்பராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் பேச்சு இல்லை. அதற்கப்புறம் மைதீன் பிச்சை பல்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ராயப்பராஜ் பெரிய லேசர் மிஷின் ஒன்று வாங்கினார். ஒரே ஓட்டத்தில் தாளின் இரண்டு பக்கமும் அடித்துத் தரும் மிஷின். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மைதீன் பிச்சை வந்து துடைத்து, எண்ணெய் போட்டு, எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். போவதற்கு முன்னால் மிஷினின் சின்னத் திரையில் ஏதோ பொத்தான்களை ஒரு கணக்கில் அமுக்குவார். வழக்கமான திரை மறைந்து, இங்கிலீஷும் எண்ணுமாக வேறொரு திரை வரும். அதில் ஒரு வரியில் நின்று எதையோ மாற்றுவார். மூடிவிடுவார்.

"என்னய்யா அது?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா ஒரு செக்கிங்."

இரண்டு வருஷம் அந்தப் பதில் ராயப்பராஜுக்குப் போதுமானதாக இருந்தது. இந்த வருஷம் ஆடி மாதம் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் பிரிட்டோ என்பவன் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பெரிய பிரிண்டிங் கடை திறந்தான். ஒருநாள் ராயப்பராஜ் அந்தப் பக்கம் போகும்போது கண்ணாடிக்குள் மைதீன் பிச்சை நின்றுகொண்டிருந்தார். பிரிட்டோ அவர் தோளில் கை போட்டு ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தோளில் கை! ராயப்பராஜ் வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். மெக்கானிக் என்றால் நாலு கடைக்கும் போகத்தான் செய்வான், இது அவருக்கும் தெரியும். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். 'ஒண்ணுமில்லன்னா எதுக்கு மாசா மாசம் உள்ள போறான்?' என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி யோசித்தார். 'ஒண்ணுமில்லாத எடத்துக்கு ஒருத்தன் ரெண்டு வருசமாப் போவானா?'

அடுத்த மாதத்து முதல் திங்கட்கிழமையிலிருந்து ஒளிந்து பார்க்க ஆரம்பித்தார். அலமாரிக் கதவின் கண்ணாடியில் மிஷினின் திரை தெரியும்படி கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு, காகிதம் எடுப்பதுபோல் குனிந்துகொள்வார். ஒரு மாதம் முதல் மூன்று பொத்தான், அடுத்த மாதம் மீதி இரண்டு. மாதா படம் போட்ட காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிந்ததைச் சரியாக மாற்றி எழுதவே அவருக்கு அரை நாள் ஆனது. இந்த மூளையை வேறு காரியத்துக்குச் செலவழித்திருந்தால் மனுஷன் எங்கேயோ போயிருப்பார்.

ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஆனந்தமேரியிடம் "கடையில ஒரு வேலை" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். காலண்டரைப் பார்த்துப் பொத்தான்களை அமுக்கினார். திரை திறந்தது. வரி வரியாக எண்கள். எல்லா வரியிலும் பூஜ்யம். ஒரே ஒரு வரியில் மட்டும் ஆறு என்று இருந்தது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

"மாட்டுனடா" என்றார் ராயப்பராஜ், காலிக் கடைக்குள் சத்தமாக.

அந்த வரி என்ன சொல்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவன் ரகசியமாக மாற்றி வைத்திருக்கிறான், அது போதும். திரையின் கடைசியில், எல்லாவற்றையும் மிஷின் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த மாதிரி ஆக்குவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினார். நட்சத்திரம் போய்விட்டது. ஆறு, பூஜ்யம் ஆனது. வீட்டுக்குப் போய் மட்டன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மலைச்சாமியின் வேலை ஓடியது. மலைச்சாமி தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகை போடுகிறவர், அங்கே பூ விவசாயிகள் சங்கத்தின் தலைவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அதற்காக உறுப்பினர்களின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் போட்டு நாற்பது பக்கத்தில் புத்தகம், ஐந்நூறு பிரதி. முதலில் ஐம்பது அடித்து, முந்தின நாள் சந்தோஷத்தில் ராயப்பராஜ் புரட்டிப் பார்க்காமலே கட்டிக் கொடுத்தார், சங்கத்து ஆட்கள் கொண்டுபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலைச்சாமி திரும்பி வந்தார். கூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். புத்தகத்தை மேஜையில் விரித்துப் போட்டார்.

"ஏம்ப்பா, என்ன வேலை பாத்து வச்சிருக்க? பாதிச் சங்கத்தக் காணோம்!"

தாளின் முதல் பக்கம் கறுப்பாக, அச்சுக் கோத்ததுபோல இருந்தது. அதே தாளைத் திருப்பினால் பின்பக்கம் வெளுத்து, எழுத்துகள் பொரிந்து, நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை. பின்பக்கத்தில் விழுந்த ஆட்களின் பெயரில் பாதி இருந்தது, நம்பரில் இரண்டு எண் இருந்தது.

"இவரு நல்லுசாமி" என்று மலைச்சாமி கூட வந்தவரைக் காட்டினார். "போன தேர்தல்ல என்ன எதுத்து நின்னாரு. இவரு பேரு பின்பக்கம். இவரு ஆளுக பாதிப் பேரு பின்பக்கம். நான் வேணும்னே அழிச்சுட்டேனாம். ஊருக்குள்ள தலகாட்ட முடியல."

"பேரு எப்படிங்க கரெக்டா எங்க ஆளுகளாப் பாத்து அழியும்?" என்றார் நல்லுசாமி. ராயப்பராஜுக்கு அந்தக் கேள்வி மிகவும் நியாயமாகப் பட்டது. அவரே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்.

வேறொரு ஆள் என்றால், 'ஞாயிற்றுக்கிழமை நான் கை வைத்தேன், திங்கட்கிழமை கெட்டுப்போச்சு' என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பான். ராயப்பராஜ் சேர்த்துத்தான் பார்த்தார். ஆனால் அவருடைய கணக்கு வேறு மாதிரி வந்தது. 'யாராவது கண்டுபிடிச்சுத் தொட்டாக் கெட்டுப்போற மாதிரி செஞ்சு வச்சிருக்கான். எம்புட்டுக் கெட்டிக்காரன்!' உடனே போன் போட்டு மைதீன் பிச்சையை வரச் சொன்னார்.

அரை மணி நேரத்தில் மைதீன் பிச்சை வந்து சேர்ந்தார். வழக்கம்போலச் செருப்பை விட்டுவிட்டு நேரே மிஷினுக்குப் போனார்.

"நில்லு. மிசின்ல கைய வைக்காத."

மைதீன் பிச்சை சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "என்னண்ணே, வந்ததும் வராததுமா?"

"பிரிட்டோ கடையில ரெண்டு பக்கமும் நல்லா விழுகுதா?"

"அங்க எதுக்கு விழுகாம இருக்கும்?"

"அப்ப இங்க மட்டும் எதுக்கு விழுகல? மாசா மாசம் உள்ள போயி என்னத்தடா பண்ணுன? நான் பாக்கலன்னு நெனச்சியா? அவன் கடை எந்திரிக்கணும்னு எங்கடையப் படுக்க வைக்கிறியா?" குரல் உயர உயர ராயப்பராஜுக்கே நிறுத்தத் தெரியவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மலைச்சாமியும் நல்லுசாமியும் தங்கள் சண்டையை மறந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மைதீன் பிச்சையின் முகத்தில் சிரிப்பு மெதுவாக அணைந்தது. மேஜைமேல் கிடந்த தாளை எடுத்தார், முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு என்னவோ புரிந்துவிட்டது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க உள்ள எதையாச்சும் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடணும்? எனக்கு அதெல்லாம் தெரியுமா?"

மைதீன் பிச்சை தாளை மேஜைமேல் திருப்பி வைத்தார். "சரிண்ணே" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ராயப்பராஜுக்கு நன்றாக இருந்திருக்கும். பேசாமல் போனதும் சந்தேகத்தோடு கூட ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

அன்று வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஆனந்தமேரி சாதம் போட்ட கையோடு நின்றுவிட்டார். "மைதீனு அண்ணனையா? நாலு பேரு முன்னாலயா? ஒங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஆளு. அதையும் முடிச்சுட்டீங்களா?" என்றார். தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை.

ராயப்பராஜ் போன் போட்டுச் சொன்னதில், வியாழக்கிழமை மதுரையிலிருந்து மிஷின் கம்பெனி ஆள் வந்தது. வந்தவர் மணிமேகலை என்ற பெண். முப்பது வயது இருக்கும், முதுகில் பை, கையில் டார்ச். ராயப்பராஜ் வாசலை எட்டிப் பார்த்தார், பின்னால் யாராவது ஆண் மெக்கானிக் வருகிறாரா என்று.

"நான் மட்டும்தான் சார்" என்றார் மணிமேகலை. இந்தப் பார்வையெல்லாம் அவருக்குப் பழக்கம்.

ஒரு தாளை அடித்துப் பார்த்தார். ட்ரேயிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். சருகு மாதிரி சத்தம் வந்தது. கடையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"என்ன சார், உள்ள கோழிக்குஞ்சு ஏதும் வச்சிருக்கீங்களா?"

ராயப்பராஜ் முறைத்தார். மணிமேகலை அதைக் கண்டுகொள்ளவில்லை. "ஈரக் கையோட சுவிட்சத் தொட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

"ஷாக்கடிக்கும்."

"காஞ்ச கைன்னா அம்புட்டு அடிக்காதுல்ல? பேப்பரும் அப்படித்தான். நமக்குத் தெரியாத ஈரம் கொஞ்சம் அதுல இருக்கும், அதுலதான் கரண்டு பாயும். மையி வெறும் பொடி. தாளுக்கு அடியில ஒரு ரோலர் இருக்கு. அதுக்கு வோல்டேஜ் குடுத்து, அந்தப் பொடியத் தாளு மேல இழுக்கணும். மொதப் பக்கம் அடிச்சதும் தாளு சூடான ரோலருக்குள்ள போயிட்டு வரும். பாக்கி ஈரமும் போயிரும். அதே தாளு திரும்பி ரெண்டாம் பக்கத்துக்கு வரும்போது பழைய வோல்டேஜுக்குப் பொடி வராது. கூட்டிக் குடுக்கணும். சாதாரணப் பேப்பருன்னா மிசினே கூட்டிக்கும். நீங்க பல்பு போட்டு அப்பளமாக்கி வச்சிருக்கீங்க. அதுக்கு மிசின் கூட்டுறது பத்தாது. ஆளு ஒருத்தரு உள்ள போயி இன்னும் கூட்டணும்."

"மூணு வருசமா நல்லாத்தானம்மா அடிச்சுச்சு?"

"அதான் எனக்கும் புரியல" என்று சொல்லிக்கொண்டே மிஷினின் முன்கதவைத் திறந்தார். கதவின் உள்பக்கம், பிளாஸ்டிக் உறையில் ஒரு அட்டை செருகியிருந்தது. மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி வைக்கும் அட்டை. கடைக்காரர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ராயப்பராஜ்கூட, சிலிண்டரை எடை போடும் ராயப்பராஜ்கூட, மூன்று வருஷமாக அதைப் பார்த்ததில்லை.

மணிமேகலை வாசித்தார். தேதி வாரியாக எழுதியிருந்தது. இரண்டாம் பக்கம், மூன்று கூட்டியிருக்கு. இரண்டாம் பக்கம், நாலு. சித்திரையில் ஆறு. கடைசியாக, போன வைகாசியில் நெஞ்சுவலி வந்து மைதீன் பிச்சை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரே, அந்த நாளின் தேதி போட்டு, நாலு வரி:

'நான் வராவிட்டால் வருகிறவர் கவனத்துக்கு. இவர் பேப்பரை பல்பு போட்டுக் காய வைப்பார். சொன்னால் வருத்தப்படுவார், சொல்ல வேண்டாம். இரண்டாம் பக்கத்துக்கு ஆறு வைக்கவும். நல்ல மனுஷன்.'

மணிமேகலை அதை வாசித்த பிறகுதான் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். வாசித்திருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. பேச்சை மாற்றத் திரையைத் திறந்தார். அது இன்னும் மோசமாகப் போனது.

"யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க சார். மிசின் நேரத்தோட எழுதி வச்சிருக்கு. போன ஞாயித்துக்கெழம, காலைல பத்தே முக்கால்."

ராயப்பராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன், போகிற வழியில் இங்கே வந்து அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனைப் பார்த்து நாலு பேர் முன்னால் 'என்னத்தடா பண்ணுன' என்று கேட்டாயிற்று. வெட்கத்தில் அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

"ஆறு வச்சிரட்டுமா சார்? அஞ்சு நிமிசம்தான்."

"வேணாம்மா."

"ஞாயித்துக்கெழம டெலிவரின்னீங்க?"

"அவனே வந்து வைக்கட்டும்" என்றார் ராயப்பராஜ்.

மதுரையிலிருந்து வெயிலில் வந்தவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். ஆனாலும் அட்டையை இருந்த இடத்திலேயே பத்திரமாகச் செருகிவிட்டுக் கிளம்பினார்.

மத்தியானம் மூன்று மணிக்கு ராயப்பராஜ் பேகம்பூருக்குப் போனார். கதவைத் திறந்தது மைதீன் பிச்சையின் மனைவி ஜெய்தூன் பீவி. எப்போதும் "வாங்கண்ணே, அண்ணி வரலையா?" என்று கேட்கிறவர், இன்று "இருங்க, கூப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னார். ஆனால் நாற்காலி போட்டார். டீயும் வந்தது. ராயப்பராஜ் டீயைத் தொடவில்லை.

மைதீன் பிச்சை எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மைதீனு, நான்தான்யா தொட்டேன்."

"தெரியும்ணே."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்குத் தாளப் பாத்ததுமே. ஆறு போயி பூஜ்யம் ஆனாத்தான் அப்படி வெளுக்கும். அந்த நம்பரு என்ன விட்டா நம்ம கடையில வேற யாரு மாத்துவா?" குரலில் கோபம் இல்லை. "தொட்டது பெருசில்லண்ணே. மிசின் ஒங்களுது. வெவரம் தெரியாமத் தொட்டுட்டேன்டான்னு சொல்லியிருந்தீங்கன்னா, சிரிச்சுட்டு வச்சுக் குடுத்துட்டுப் போயிருப்பேன். அதனாலதான் கேட்டேன். நீங்க இல்லேன்னீங்க."

"தப்புதான்யா. எனக்குப் புத்தி அப்படிப் போயிருச்சு. ஒன்னைய நம்பாம நான் யார நம்பப் போறேன்?"

"டீ ஆறுது, குடிங்க" என்றார் மைதீன் பிச்சை. "நாளைக்குக் காலைல வாரேன்."

ராயப்பராஜுக்கு உயிர் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய் ஆனந்தமேரியிடம் சொன்னார். ஆனந்தமேரி, "பாப்போம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சொன்னபடி வந்தார். ராயப்பராஜ் டீ வாங்கி வர எழுந்தார். "இருங்கண்ணே, கூட நில்லுங்க" என்று மைதீன் பிச்சை அவரை மிஷின் பக்கத்தில் நிறுத்தினார். "நான் சொல்றேன், நீங்களே அமுக்குங்க."

"நீ பண்ணுய்யா. நான் எதுக்கு?"

"இல்ல. நீங்களே அமுக்குங்க."

பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ராயப்பராஜ் அமுக்கினார். "இதான் மொதப் பக்கம். தொடாதீங்க. இதான் ரெண்டாம் பக்கம். ஆறு வைங்க. பல்ப எடுக்கிறதா இருந்தா பூஜ்யம் போதும். மழை இறங்குனப்புறமும் பல்பு இருந்தா மூணு." எல்லாவற்றையும் ஒரு வெள்ளை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மிஷினின் வெளிப்பக்கம், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் டேப் போட்டு ஒட்டினார். மூன்று தடவை ராயப்பராஜையே அழித்து அழித்து வைக்கச் சொன்னார். மூன்று தடவையும் சரியாக வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல அவ்வளவு பொறுமை. அந்தப் பொறுமைதான் ராயப்பராஜைக் கொன்றது.

ஒரு தாள் அடித்தார்கள். முன்பக்கம் கறுப்பு. திருப்பினால் பின்பக்கமும் அதே கறுப்பு. நல்லுசாமி முழுப் பெயரோடும் முழு நம்பரோடும் திரும்பி வந்திருந்தார். மிஷின் மற்ற பிரதிகளை ஓட்ட ஆரம்பித்தது.

"இனி ஒங்களுக்கு நான் வரணும்னு இல்லண்ணே" என்றார் மைதீன் பிச்சை. "எல்லாம் ஒங்க கையிலயே இருக்கு. தொடைக்கிறதுக்கு மதுரையில இருந்து அந்தப் பொண்ணு வந்துரும்."

ராயப்பராஜ் வந்து விழுந்த தாள்களை எடுத்துத் தட்டி அடுக்கினார்.

மைதீன் பிச்சை பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தார். கார்பன் வைத்த சர்வீஸ் ரசீதுப் புத்தகம். கம்பெனிகளுக்கும் பாங்குகளுக்கும் போகும்போது எழுதிக் கொடுப்பது. இந்தக் கடையில் அதைத் திறந்ததே இல்லை. நின்றபடியே நிரப்பி மேஜையில் வைத்தார். "ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நமக்குள்ள எதுக்குய்யா இது?"

"இருக்கட்டும்ணே. நாளைக்கு யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லக்கூடாதுல்ல."

ராயப்பராஜ் பேனாவை வாங்கினார். தாளைப் பார்க்கவில்லை. மைதீன் பிச்சையின் முகத்தைப் பார்த்தபடியே பேனாவைக் கீழே கொண்டுபோனார். 'நான் வாசிக்கல பாரு, நீ எதை எழுதியிருந்தாலும் சரி' என்று அவனுக்குத் தெரியட்டும் என்று நினைத்தார். அவரிடம் கொடுப்பதற்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

மைதீன் பிச்சை கையெழுத்துப் போடும் இடத்தைக் கையால் மறைத்தார்.

"வாசிச்சுட்டுப் போடுங்கண்ணே."

"வேணாம்யா. ஒன்னைய நம்பி..."

"வாசிங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டினார். மிஷின் பெயர். தேதி. குறை என்ற கட்டத்தில், இரண்டாம் பக்கம் மங்கல். காரணம் என்ற கட்டத்தில், காகிதம் அதிகம் காய்ந்தது. செய்த வேலை, இரண்டாம் பக்க வோல்டேஜ் கூட்டியது. ஒவ்வொரு வரியாக, வாய்க்குள் முணுமுணுத்து, கடைசிவரை வாசித்தார். எழுத்துகள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தார்.

"நான் அழிச்சத எழுதலையே?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லண்ணே" என்றார் மைதீன் பிச்சை.

ராயப்பராஜ் கையெழுத்துப் போட்டார். மைதீன் பிச்சை அடித்தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தார், மேல்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், செருப்பை மாட்டினார். "வாரேண்ணே" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை ராயப்பராஜ் அந்த ரசீதைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே மிஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.